மதியம் இறங்கிய ஷட்டர்

மதியம் சாப்பிட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியாக வேண்டும். இளவயதிலிருந்தே அப்படித்தான். மூடாவிட்டால் சாயங்காலம் தலை கனக்கும், வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவேன், கண்ணாடியை அளவு தப்பி அறுத்துத் தொலைப்பேன். உடம்பு கேட்கிறது, கொடுக்கிறேன். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, விசாரணை தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். கலவரம் வரப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே சொன்னது யார்? நகரத்தில் ஒரு கல்கூட விழாத நேரத்தில் நான் மட்டும் எப்படிக் கடையைச் சாத்தினேன்? யாரும் சொல்லவில்லை என்றேன். சிரித்தீர்கள். மறுபடி கேட்டீர்கள், மறுபடி அதையே சொன்னேன். நான் யாரையோ காப்பாற்றுகிறேன் என்று முடிவு கட்டி, அன்று காலை எனக்கு டீ ஆற்றிக்கொடுத்த மனிதரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டீர்கள். இப்போது எங்கள் தெருவில் குடிக்கிற மாதிரி டீ கிடையாது. உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பாவிட்டால் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதைப் பல வருடமாக அனுபவித்தவன் நான். ஆகவே முழுதாகவே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கடை என்னுடையது என்று நினைக்கிறீர்கள். அது என் மாமனாருடையது. கண்ணாடி அறுக்கிற வேலைக்குத்தான் நான் அங்கே சேர்ந்தேன். கை சுத்தம், வாய் குறைவு என்று பார்த்து ஒரே மகளை எனக்குக் கட்டிவைத்தார். தெருவில் அவருக்குப் பெயர் 'பெரிய கண்ணாடி'. ஆகவே எனக்குச் 'சின்னக் கண்ணாடி'. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது, எனக்கும் தலை நரைத்துவிட்டது, பேரன்கூட வந்துவிட்டான். ஆனாலும் சென்ற வருடம்வரைக்கும் நான் சின்னக் கண்ணாடிதான். வீட்டிலும் அதே கதை. "எங்கப்பா இருந்தப்ப" என்று என் மனைவி வாயைத் திறந்தால், நான் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நகரத்தில் ஒரு பெரிய கலவரம் நடந்திருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் முதலில் ஷட்டரை இறக்கியவர் மாமனார். அவரைப் பார்த்து இறக்கியவர்கள் பிழைத்தார்கள், இவருக்கு என்ன வந்தது என்று கேலி பேசியவர்கள் கடையைப் பறிகொடுத்தார்கள். அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தச் செய்தி வந்தாலும், எந்தப் புரளி வந்தாலும், முதலில் கண்ணாடிக்கடையை எட்டிப் பார்ப்பார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. துணிக்கடைக்குள் ஒரு கல் விழுந்தால் துணியை உதறி மடித்துவைக்கலாம். கண்ணாடிக்கடைக்குள் ஒரு கல் விழுந்தால் அத்தோடு சரி. அதனால் கண்ணாடிக்காரன் மற்றவர்களைவிடக் காதைத் தீட்டி வைத்திருப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள். எங்கள் ஷட்டர் மேலே இருந்தால் நகரம் நன்றாக இருக்கிறது. இறங்கினால் ஏன் என்று கேட்பதற்குக்கூட ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

இந்தப் பெருமையை மாமனார் கடையோடு சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தெருவின் இரைச்சல்தான். ஹாரன், ஒலிபெருக்கி, வாசலை அடைத்து நிறுத்திய வண்டிகள், அதற்கு மேல் தள்ளுவண்டிகள். கண்ணாடி ஏற்ற ஒரு வேன் வந்தால் அது கடைக்கு முன்னால் நிற்கவே பாதி நாள் ஆகிவிடும். நகராட்சிக்குப் போனேன், போக்குவரத்துப் போலீசுக்குப் போனேன், வியாபாரிகள் சங்கத்தில் எழுந்து நின்று பேசினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "பெரியவர் எல்லாத்தையும் அனுசரிச்சுப் போவாரு" என்று சங்கத் தலைவர் சொல்லி அனுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்தத் தள்ளுவண்டிகளில் ஒன்று சீப்புக்காரருடையது. நேர் என் கடை வாசல். சீப்பு, ஊசி, கொண்டை வலை, இவற்றோடு சின்னச் சின்னக் கைக்கண்ணாடிகளையும் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்.

"கண்ணாடிக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு கண்ணாடி விக்கிறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சார் விக்கிறதுல முழு ஆளும் தெரியும். நான் விக்கிறதுல மூக்கு மட்டுந்தான் தெரியும். இதுல போட்டி எங்க சார் வருது?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். காலையில் வந்ததும் ஒரு சீப்பை எடுத்து என் ஷட்டரின் பக்கச் சட்டத்தில் கரகரவென்று தேய்த்து, "சார், நான்தான், சீப்பு" என்பார். வந்துவிட்டேன் என்று சொல்கிறாராம். பிறகு தொடங்குவார் கூவலை. மற்றவர்கள் கூவினால் காதில் விழும், போய்விடும். இவர் கூவல் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் சரியாக நான் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாயும் நேரத்தில்தான் தொண்டையைத் திறப்பார். அவர் கீழ்ப்பேட்டை ஆள், நாங்கள் மேல்பேட்டை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வெளியாள் கேட்டால் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. ஆனால் யார் எந்தப் பேட்டை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் தடவை நடந்தது தற்செயல், இதைக் கட்டாயம் எழுதுங்கள். சென்ற வருடம் ஒரு மதியம் கடைப்பையன் வரவில்லை, எனக்கு லேசாகக் காய்ச்சல். திறந்த கடையில் தூங்கினால் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள் என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் பலகைமேல் படுத்தேன். அன்று சீப்புக்காரரும் ஏதோ உறவுக்காரர் விஷயமாகப் போயிருந்தார். எழுந்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம். அப்படி ஒரு அமைதி. ஷட்டரைத் தூக்கினால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்த் துணிக்கடை, செருப்புக்கடை, பாத்திரக்கடை, தெரு முனைவரைக்கும் எல்லாம் சாத்திக் கிடந்தது. என் கடை முழுதாகத் தெருவுக்குத் தெரிந்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். எவ்வளவு அழகான கடை அது.

துணிக்கடைக்காரர் மாடி ஜன்னலிலிருந்து கிசுகிசுத்தார். "என்ன கேள்விப்பட்டீங்க?"

காய்ச்சல், தூங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். தெருவே ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஜன்னலில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? "கொஞ்சம் சரியில்லன்னு பட்டுது" என்றேன். என் அதிர்ஷ்டம், அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டருக்கும் பயணிக்கும் கைகலப்பு. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் துணிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரோட மூக்கு உங்களுக்கும் இருக்குங்க. வாசம் பிடிச்சுட்டீங்க." அன்றைக்கு என் மனைவி சோறு போட்டபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "எங்கப்பாவும் இப்படித்தான், யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு, சட்டுனு எறக்கிடுவாரு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாப்பிட்டுக் கை கழுவும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இடையிடையே ஷட்டரைப் பாதி இறக்கிப் பார்த்திருக்கிறேன். இதையும் மறைக்கவில்லை. பாதி இறக்கினால் தெரு விறைக்கும். தள்ளுவண்டிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள், ஹாரன் நின்றுபோகும், வாங்க வந்தவர்கள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். பிறகு தூக்கிவிடுவேன், தெரு மூச்சு விடும். எத்தனையோ அலுவலகத்தில் கை கட்டி நின்றும் நடக்காத காரியம், ஒரு கை அசைவில் நடந்தது. சீப்புக்காரர் மட்டும் அசைய மாட்டார். கால் இழுக்கிறவர், வண்டியைத் திருப்பி நகர்த்துவது சிரமம் என்று பேசாமல் நின்றுவிடுவார். எட்டிப் பார்த்து, "சார், ஷட்டர் சிக்கிக்கிச்சா? எண்ணெ விடட்டுமா?" என்பார்.

இனி அந்த நாள்.

பேருந்து நிறுத்தத்தை மேல்பேட்டையில் வைப்பதா கீழ்ப்பேட்டையில் வைப்பதா என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தது உங்களுக்கே தெரியும். சுவரொட்டி, பதில் சுவரொட்டி. ஒரு வாரமாக எல்லோரும் அடிக்கடி என் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை டீக்கடைக்காரர் எனக்கு ஒரு செய்தி சொன்னார்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னது இது: "நேத்தே பேசி முடிச்சுட்டாங்களாம் சார். ரெண்டு பக்கமும் ஒரு நிறுத்தமாம். இனிமே ஒண்ணும் கெடையாது, நிம்மதியா யாவாரத்தப் பாருங்க." சமாதானம் ஆகிவிட்டது என்று சொன்னதற்காகத்தான் அந்த மனிதரை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிதிருத்தும் கடை ஒன்றுக்கு ஆளுயரக் கண்ணாடி ஏற்ற வேண்டியிருந்தது. வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்கள் என்று சீப்புக்காரரிடம் சொன்னேன். "ரெண்டே நிமிஷம் சார், இந்தம்மாவ அனுப்பிட்டு வந்துடறேன்" என்றார். அந்தம்மா போனார், அடுத்த அம்மா வந்தார். வேன்காரர் கத்தினார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரனில் கையை வைத்து அழுத்தின. சரி என்று நானும் கடைப்பையனும் கண்ணாடியை ஒருக்களித்து வெளியே எடுத்தோம். அதன் மூலை தள்ளுவண்டியின் கைப்பிடியில் லேசாகத்தான் தட்டியது. ஆனால் கண்ணாடிக்கு லேசு என்று ஒன்று கிடையாது. ஒரு கீறல் மூலையிலிருந்து புறப்பட்டுக் குறுக்கே ஓடி மறு ஓரத்தில் போய் நின்றது.

சீப்புக்காரர் பதறிப்போய் வாயில் கை வைத்தார். பிறகு ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். "அடடா. பெரியவரா இருந்தா அவரே முன்னாடி நின்னு புடிச்சு ஏத்துவாரு சார். அவரு கைபட்டு ஒரு கண்ணாடி ஒடஞ்சு நான் பாத்ததே இல்ல."

முடிதிருத்தும் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கக் கடைப்பையனை அனுப்பினேன், அப்படியே வீட்டுக்குப் போகச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். வெளியே சீப்புக்காரர் தொண்டையைத் திறந்தார்.

எழுந்து போய் ஷட்டரை இழுத்தேன். பாதியல்ல, முழுதாக. அது தோளுயரத்துக்கு வந்தபோது அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"சார், ஏதாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. தூங்கப் போறேன்" என்றேன். அன்று முழுவதும் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

"படுங்க சார், படுங்க. நான் வாசலப் பாத்துக்கறேன்" என்றார்.

கலவரம் எப்படித் தொடங்கியது என்று உங்கள் அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களாம். நான் பலகையில் படுத்தபடி காதால் கேட்டேன். முதலில் எதிர்த் துணிக்கடை. பிறகு செருப்புக்கடை. அப்புறம் அடுக்கி வைத்த தட்டுகள் சரிந்த மாதிரி முனைவரைக்கும் சரசரவென்று ஷட்டர்கள். துணி எடுக்க வந்தவர்களைப் பாதியில் வெளியே அனுப்பினார்கள். ஒரு காலில் பழைய செருப்பும் மறு காலில் விலை கேட்ட செருப்புமாக ஒரு பெண் ஓடினாள் என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தார்கள். இவ்வளவு களேபரத்துக்கு நடுவே சீப்புக்காரர் குரல் மட்டும் கேட்டது. "எதுக்குப்பா ஓடறீங்க? ஒண்ணுமில்லப்பா, சார் தூங்கறாரு. நெசமாத்தான் சொல்றேன், தூங்கறாருப்பா." யாராவது நம்புவார்களா? கண்ணாடிக்கடை சாத்தியிருக்கிறது, ஒரு சீப்பு விற்கிறவர் ஒன்றுமில்லை என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

மீதி நான் பிற்பாடு கேள்விப்பட்டது. தெருவிலிருந்து ஓடியவர்களைப் பார்த்து முனையில் நின்றவர்களும் ஓடினார்கள். ஓடிவருகிறவர்களைப் பார்த்துப் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்கள் ஆளை ஏற்றாமலே வண்டியைத் திருப்பினார்கள். வெயிலில் காத்திருந்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஓர் ஆள் பேருந்தைக் கையால் தட்டினான், இன்னோர் ஆள் கல்லால் தட்டினான். அப்போதுதான் நகரத்தில் முதல் கண்ணாடி உடைந்தது. அதற்கப்புறம் கதைக்கு என்னுடைய ஷட்டர் தேவைப்படவில்லை. கீழ்ப்பேட்டைக்காரரான ஓட்டுநரை அடித்துப் போட்டார்கள் என்று கீழே செய்தி போனது. மேல்பேட்டைப் பெண் ஒருத்தியைப் பேருந்து ஏற்றிக் கொன்றது என்று மேலே செய்தி போனது. அந்த நிமிடத்தில் இரண்டும் பொய். சாயங்காலத்துக்குள் இரண்டையும் உண்மையாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள், பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் ஓடினார்கள், ஓடியவர்களைக் கூட்டம் என்று நினைத்துப் போலீஸ் அடித்தது. நிலையத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் எங்கள் தெருவுக்குள்தான் வந்து விழுந்தார்கள். நுழைய ஒரு கடை இல்லை, ஒளிய ஒரு படி இல்லை. இரண்டு பக்கமும் இறங்கிய ஷட்டர்கள், நடுவில் கோபத்தோடு மேல்பேட்டை ஆட்கள், வாசலில் கீழ்ப்பேட்டைச் சீப்புக்காரர்.

நான் விழித்துத்தான் இருந்தேன். ஷட்டர் தரையில் சரியாகப் பொருந்தாது, கடை வாசல் கொஞ்சம் சரிவு. கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். அதில் அவருடைய செருப்புகள் தெரிந்தன, ஒன்று அதிகமாகத் தேய்ந்தது. பக்கச் சட்டத்தில் சீப்பு கரகரவென்றது.

"சார், நான்தான், சீப்பு. கொஞ்சம் தூக்குறீங்களா?"

காலையில் சொல்கிற அதே மரியாதை. நான் எழுந்து ஷட்டர் பக்கம் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். கையைக் கொக்கிமேல் வைத்தேன். திறந்திருப்பேன், ஐயா. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தத் தெருவில் நான் தூங்கத்தான் சாத்தினேன் என்பது இந்த ஓர் ஆளுக்குத்தான் தெரியும். இன்றைக்கு இவரை உள்ளே இழுத்து உட்காரவைத்தால், நாளைக்கு இவர் வாசலில் நின்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்ல மாட்டார், அது அவர் சுபாவம். துணிக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், சங்கத் தலைவருக்குத் தெரிந்துவிடும், என் மனைவிக்குத் தெரிந்துவிடும். பெரியவர் மூக்கு இல்லை, வெறும் தூக்கம் என்று ஊரே சொல்லும். நான் மறுபடி சின்னக் கண்ணாடி ஆகிவிடுவேன். அதைவிடக் கேவலமான பெயர்கூட வைப்பார்கள்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"சார்" என்றார். பிறகு "அண்ணே" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அண்ணே, வர்றாங்க. எழுந்திரிங்கண்ணே. ஒரு அடி தூக்குனா போதும், நான் நுழஞ்சுக்கறேன்."

வெளிச்சக் கோட்டில் வேறு செருப்புகளும் வந்தன. எங்கேயோ டயர் எரிந்த புகை கீழ் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. புகை பட்டால் எனக்கு இருமல் வரும். கண்ணாடி கட்டுகிற பழைய சாக்குகள் மூலையில் கிடந்தன. அவற்றை மடித்து அந்த இடைவெளியில் வரிசையாக அடைத்தேன். அதற்குப் பிறகு புகையும் குறைந்தது, சத்தமும் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஷட்டரில் ஏதோ மோதியது, கண்ணாடிகள் எல்லாம் ஒரு தரம் அதிர்ந்தன. ஒன்றுகூட உடையவில்லை. நிற்க வைத்து அடுக்குவதில் நான் மாமனாருக்குக் குறைந்தவன் இல்லை.

எப்படி அடங்கியது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் என் பங்கு உண்டு. ஊரடங்கு போட்டீர்கள், வெளியூரிலிருந்து படையைக் கொண்டுவந்தீர்கள், போன்களை வேலை செய்யாமல் ஆக்கினீர்கள், இரண்டு பேட்டைப் பெரியவர்களையும் ஒரே ஜீப்பில் ஏற்றி ஒலிபெருக்கியில் பேசவைத்தீர்கள். ஆட்கள் வீட்டுக்குள் போனார்களே தவிர யாரும் வெளியே வரவில்லை. கடை திறக்காத ஊரை எப்படி அமைதியான ஊர் என்பது? கடைசியில் உங்கள் உதவி கமிஷனர் என் வீட்டுக்கே வந்தார்.

"ஐயா, நீங்க தூக்கினாத்தான் தெரு தூக்குமாம். எல்லாரும் அதையே சொல்றாங்க. எங்க மேல நம்பிக்கை இல்ல, உங்க மேலதான் இருக்கு. கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

எத்தனை வருடம் இந்தப் போலீசிடம் வாசலைக் காலி பண்ணித்தாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இப்போது அவர்கள் என் வாசலில் நின்று கெஞ்சினார்கள். மறுநாள் காலை இரு பக்கமும் துப்பாக்கிப் போலீஸ் நிற்க, நான் ஷட்டரைத் தூக்கினேன். அதற்கு முன்பே வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். சீப்புகள் மட்டும் சாக்கடை ஓரமாக நிறையக் கிடந்தன. துணிக்கடை திறந்தது, செருப்புக்கடை திறந்தது, முனைவரைக்கும் திறந்தது. செய்தித்தாளில் என் படம் வந்தது. அமைதிக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். தெருவில் யாரும் 'சின்ன' என்று சொல்வதில்லை, வெறும் 'கண்ணாடி ஐயா'தான். என் மனைவி அந்தப் படத்தைக் கத்தரித்து அவள் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். "அப்பாவே திரும்பி வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

சீப்புக்காரர் மனைவி ஒருநாள் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவரு உங்க வாசல்லதான் கெடந்தாருன்னாங்க. உங்களக் கூப்பிட்டாருங்களா?"

"இல்லம்மா. கூப்பிட்டிருந்தா தெறக்காம இருப்பேனா?"

அந்தம்மா தலையை ஆட்டினார். "அதான் நானும் சொன்னேன். உங்களப் பத்தி அவரு வீட்டுல நல்லாத்தான் பேசுவாரு. சாரு கத்துவாரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாருன்னு."

இப்போது அந்தம்மாதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதே இடம். அமைதிக் குழுத் தலைவர் என்ற முறையில் அனுமதிக் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, சொல்லுங்கள். காலையில் வந்ததும் அவரும் ஒரு சீப்பை எடுத்துப் பக்கச் சட்டத்தில் தேய்க்கிறார். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மதியம் கூவுகிறார். குரல் கணவருடையதைவிடக் கீச்சென்று இருக்கிறது. இத்தனை பேர் செத்து, இத்தனை கடை எரிந்து, என் வாசல் பழையபடியே அடைபட்டுக் கிடக்கிறது. நினைத்தால் எனக்கு அலுத்துப்போகிறது. நேற்று மதியம் பாதித் தூக்கத்தில் எழுந்து போய்க் கொக்கிமேல் கை வைத்தபடி நின்றிருக்கிறேன். எதிரே துணிக்கடைக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய கையும் அவர் ஷட்டரில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இன்று நானாகவே உங்களிடம் வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. டீக்கடைக்காரரை விட்டுவிடுங்கள். செய்தி என்று ஒன்று வரவே இல்லை, தெருவுக்குப் போன செய்தி நான் இறக்கிய ஷட்டர் மட்டும்தான். அதை நான்தான் இறக்கினேன். அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, ஒவ்வொரு தடவையும் கேட்டது. சாக்கை அடைத்ததும் நான்தான்.

இவ்வளவையும் எழுதுகிற நீங்கள், நான் கலவரம் பண்ணச் சாத்தியதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் கேட்டது கொஞ்ச நேரம் கண்ணை மூடுகிற அளவுக்கு ஓர் அமைதி. அன்றைக்குத் தெருவே காலியான பிறகும் அந்த ஒரு மனிதர் என்னைத் தூங்க விடவில்லை, ஐயா.